சாவடி தாண்ட வேண்டிய சென்சர்

என்னுடைய கதிரையில் இனி உட்காரப்போகிற தம்பி தங்கச்சிமாருக்கு இதை எழுதுகிறேன். ஓய்வு பெறுகிற வயது எனக்கு இன்னும் வரவில்லை. மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, போகிறேன், அவ்வளவுதான். ஆனால் இந்த நீரிழிவுக் கிளினிக்கில் எனக்கு முன் வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அதனால் ‘பழைய ஆள்’ என்ற பெயர் கறுப்பு முடியோடேயே எனக்கு வந்துவிட்டது.

சீனி பார்க்கிற சென்சரை எந்த இடத்தில் குத்துவது, எப்படி ஒட்டுவது, பெட்டியில் வரும் எண்ணை எப்படிச் சரிபார்ப்பது எல்லாம் கையேட்டில் இருக்கிறது. என்னைவிட உங்களுக்கு ஆங்கிலமும் நன்றாக வரும், வாசித்துக்கொள்வீர்கள். கையேட்டை எழுதியவருக்குத் தெரியாத ஒன்றை மட்டும் நான் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது சுனாமியால். வாப்பா சாய்ந்தமருதில் கரைவலை இழுத்தவர். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பெருவிரலை வைப்பார். எங்கள் வீட்டில் உயர்தரப் பரீட்சை வரைக்கும் போன முதல் ஆள் நான்தான். கடல் வந்து போன பிறகு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். விரல் நுனியில் குத்தி இரத்தத்தில் சீனி பார்க்கிற மெஷினைக் கொண்டுவந்தவர்கள், ஆங்கிலத்தில் நாலு வரி எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். கையை உயர்த்தினேன். அன்று பின்னேரமே உம்மா முகாம் முழுக்க “எங்கட மகன் டொக்டரா எடுபட்டிட்டான்” என்று சொல்லி முடித்துவிட்டா. அந்த அலையில் எங்கள் வீட்டில் யார் போனார்கள் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

அந்த நாளில் வந்தவர்களில் ஒரு டொக்டர் மிஸ், பிறகும் வருடத்துக்கு ஒரு தடவை தன் லீவில் வந்துகொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து வெளிநாட்டில் வேலை செய்பவர். வடக்கில் சண்டை முடிகிற கட்டத்துக்கு வந்திருந்த வருடம், அவர் தன் பயணப் பெட்டிக்குள் துணியில் சுற்றி இரண்டு சென்சர் கொண்டுவந்தார். தோலில் ஒட்டி வைத்து மூன்று நாள் தொடர்ந்து சீனியைப் பார்க்கிற கருவி என்று பத்திரிகையில் வாசித்திருந்தேன். கண்ணால் கண்டது அன்றுதான்.

இன்று நீங்கள் படத்தில் பார்ப்பதைப் போல அது சின்னதாக இருக்கவில்லை. வயிற்றின் பக்கத்தில் தோலுக்கடியில் ஒரு மெல்லிய கம்பி போகும். தோலுக்கடியில் ஊறுகிற நீரில் உள்ள சீனியை அது பார்க்கும். அதிலிருந்து ஒரு வயர் வெளியே வந்து, குளிக்கிற சவர்க்காரக் கட்டி அளவான ஒரு பெட்டியில் சேரும். பெட்டியை இடுப்பில் பட்டியால் கட்டவேண்டும். அந்த நேரத்தில் அது எதையும் காட்டாது. மூன்று நாள் கழித்துக் கொம்பியூட்டரில் இணைத்தால்தான் என்ன நடந்தது என்று ஒரு கோடாகத் தெரியும்.

இரண்டில் ஒன்றை யாருக்குப் போடுவது என்பதில் டொக்டர் மிஸ்ஸுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. தெற்கே, அக்கரைப்பற்றுக்கும் அப்பால் தம்பிலுவிலில் இருந்து வந்த சுகந்தி அக்கா. புருஷன் கடற்தொழில். சுனாமிக்குப் பிறகு இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே இழந்தவ. இப்போது மூன்றாவது, ஐந்தாம் மாதம். இன்சுலின் போடுகிறா. கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் சீனி கூடித்தான் இருக்கும், நாங்களும் ஒவ்வொரு தடவையும் மருந்தைக் கூட்டிக் கொடுப்போம், அடுத்த தடவை இன்னும் கூடியிருக்கும். இரவில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இனியும் கூட்டப் பயமாக இருக்கிறது என்று டொக்டர் மிஸ் சொன்னார்.

பொருத்துவதற்கு முன் அறையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று சொல்லப்பட்டது. கருவி இரண்டுதான் இருக்கிறது, வீட்டில் ஏதும் சிக்கல் இருக்கிறவர்கள் இப்பவே சொல்லுங்கோ, அடுத்த ஆளுக்குப் போடலாம் என்று. சுகந்தி அக்காவிடம் தனியாகவும் கேட்டோம். “ஒரு பிரச்சினையும் இல்ல மிஸ்” என்றா. பெட்டியைக் கட்டினோம். சாரிக்குள் அது மறைந்துவிட்டது. பஸ்ஸுக்குப் போய்விட்டா.

இரண்டாவது கருவி கல்முனை பஸாரில் துணிக்கடை வைத்திருந்த ஒரு ஹாஜியாருக்கு. அவர் லுஹர் தொழுதுவிட்டு வந்து சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படுத்தார். நான் பெட்டியையும் வயரையும் எடுத்துக் காட்டியதும் எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இதக் கட்டிக்கிட்டு நான் பள்ளியில அசர் தொழப் போய் நிண்டா, பக்கத்துச் சப்புல நிக்கிறவன்லாம் செருப்பையும் உட்டுட்டு ஓடிருவான்” என்றார்.

எல்லோரும் சிரித்தோம். டொக்டர் மிஸ்ஸும் சிரித்தார். பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த வருடங்களில் நீங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன். கிழக்கில் சண்டை ஓய்ந்திருந்தாலும் கரையோர வீதியில் இராணுவச் சாவடிக்குச் சாவடி இறங்கி நடக்கவேண்டும். பையைத் திறக்கவேண்டும். இடுப்பில் குண்டு கட்டி வருகிறவர்களைத்தான் அங்கே தேடினார்கள். அடையாள அட்டையைப் பார்ப்பார்கள், எந்த ஊர் என்று பார்ப்பார்கள். தம்பிலுவில் போலத் தமிழ் ஊர் என்றிருந்தால் இன்னொரு தடவை முகத்தைப் பார்ப்பார்கள். அந்த வீதியில் ஒரு தமிழ்ப் பெண்ணை வயிற்றில் வயரும் இடுப்பில் பெட்டியும் கட்டி நாங்கள் பஸ்ஸில் அனுப்பியிருந்தோம்.

டொக்டர் மிஸ்ஸின் முகம் வெளிறிவிட்டது. உடனே சாவடிக்குப் போன் பண்ணு, விஷயத்தைச் சொல்லு என்றார். யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் நினைப்பார்கள். ஆனால் நான் அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். என் அரைகுறைச் சிங்களத்தில், இரைகிற லைனில், ‘வயிற்றில் வயர் கட்டின பெண் ஒருவர் பஸ்ஸில் வருகிறார்’ என்று நான் சொல்வதில் பாதிதான் அவர்களுக்குக் கேட்கும். எந்தப் பாதி? போன் எடுக்க வேண்டாம், நான் பின்னால் போகிறேன் என்றேன்.

“இது உன்ர றோட்டு. நீ சொல்லுற மாதிரிச் செய்வம்” என்றார் டொக்டர் மிஸ்.

ஹாஜியார் படுத்தபடியே, எனக்குப் போட இருந்த பெட்டியையும் கொண்டு போ தம்பி, எதைக் கட்டினீங்க எண்டு காட்ட ஒரு சாமான் வேணும்தானே என்றார். அது எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

கிளினிக் வேலைக்கு ஓட்டோ ஓடிய, எங்களுக்கு அண்ணன் முறையான ஹனிபா காக்கா வாசலில் நின்றார். முன்பு அம்பாறைக்கு நெல் ஏற்றி லொறி ஓடியவர், சிங்களம் நன்றாகக் கதைப்பார். ஏறியதும் வேகமாகப் போங்க காக்கா என்றேன்.

“வேகமாப் போனா அவளுக்கு முதல்ல நாமதான் சாவம். சாவடி தெரிஞ்சா நான் நடக்கிற மாதிரித்தான் ஓட்டுவன். நீ கைய மடியில வெச்சிக்கிட்டு, மாப்புள மாதிரி இரி.”

காரைதீவுச் சாவடியில் நான் ஒரு பாடம் படித்தேன். மடியில் இருந்த பெட்டியைக் காட்டி இது என்ன என்று காவலில் நின்ற பையன் கேட்டான். நான் உண்மையை ஒழுங்காகச் சொல்லவேண்டும் என்று, இது வயர், இப்படி இடுப்பில் கட்டுவது என்று தொடங்கினேன். அவன் ஒரு அடி பின்னால் போனான். அவன் கையில் இருந்த துவக்கு என் நெஞ்சுக்கு நேரே நிமிர்ந்தது. ஹனிபா காக்கா சிரித்தபடி இடையில் புகுந்து ஆஸ்பத்திரி என்றார், சீனி வருத்தம் என்றார், பிள்ளைத்தாச்சி என்றார். பெட்டி என்ற சொல் கடைசியாகத்தான் வந்தது. துவக்கு இறங்கியது.

நிந்தவூர் தாண்டும்போது அவர் சொன்னார்: “நீ படிச்ச புள்ள. உள்ளதத்தான் சொன்ன. ஆனா தலகீழாச் சொன்ன.”

அடுத்த சாவடிகளில் நான் அவர் வரிசையிலேயே சொன்னேன். அங்கங்கே விசாரித்ததில், பஸ் முன்னாலேயே போய்விட்டது, ஒரு குழப்பமும் நடக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. அக்கரைப்பற்றில் பஸ் மாறவேண்டும். அதற்கு அப்பால் தெற்கே போகிற சாவடியில்தான் பெண்களைத் தனிக் கொட்டிலுக்குள் கூட்டிப்போய் உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள்.

பஸ் நிலையத்தில் அக்கா இருந்தா. அவ ஊர் வழியாகத் திருக்கோவில் போகிற பஸ் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு நின்றது, அவ ஏறவில்லை. மீன்கூடையோடு நின்ற ஒரு பெண்ணிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் சாரித் தலைப்பை இழுத்து இடுப்பை மூடினா.

ஏனக்கா ஏறல்ல என்று கேட்டேன். மீன்காரப் பெண்தான் சொன்னா, இந்தப் புள்ள கடற்கரையால நடந்துபோக வழி கேக்குது, அங்கயும் காவல் இருக்கு, வெயில் சாய்ஞ்சா யாரெண்டு கேக்கமாட்டானுகள் எண்டு நான் சொல்லுறன், காதில ஏறுதில்ல என்று.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. “அக்கா, இதோட சாவடி தாண்ட ஏலாதெண்டு உங்களுக்கு முதலே தெரியுமா?”

“ஓம்.”

“அப்ப பிரச்சினை இல்லையெண்டு ஏன் சொன்னீங்க?”

“சொன்னாக் கழட்டி அடுத்த ஆளுக்குப் போட்டிருவீங்க தம்பி. நீங்கதானே அப்பிடிச் சொன்னீங்க.”

வந்த வழியைக் கேட்டேன். காரைதீவில் பையை மட்டும்தான் பார்த்தார்களாம், பிறகு வந்த இடங்களில் பிள்ளைத்தாச்சி என்று கண்டு போகச் சொன்னார்களாம். இனி வருகிற சாவடியில் அது நடக்காது என்று தெரிந்துதான் பஸ்ஸில் ஏறாமல் நின்றிருக்கிறா.

டொக்டர் மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். ஆள் இருக்கிறா என்றதும் அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பிறகு, கழட்டு, இப்பவே கழட்டு என்றார். அவர் சொன்னது சரி. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அக்காவிடம் சொன்னேன். அவ இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டா.

“ரெண்டும் போயிற்று. ரெண்டு தரமும் காலமைல எழும்பித்தான் எனக்குத் தெரியும். ராவில என்ன நடக்குதெண்டு இதுக்குத்தான் தெரியுமெண்டு மிஸ் சொன்னவ. நான் கழட்டமாட்டன் தம்பி.”

சாவடிக்கு இந்தப் பக்கம் ஆலையடிவேம்பில் அவவுக்கு ஒரு மாமி வீடு இருந்தது, மூன்று நாள் அங்கே நிற்கலாமே என்று கேட்டேன். அவ என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது. மாமி வீட்டில் மாமி சமைப்பா, மாமி நேரத்துக்குச் சாப்பாடு வரும், பின்னேரத்தோடு படுத்துவிடலாம். தன் வீட்டில் புருஷன் கடலுக்குப் போகும் நேரம், வரும் நேரம் பார்த்துத்தான் சாப்பாடும் ஊசியும். மாமி வீட்டுச் சீனியைப் பார்த்து என்ன செய்யிற என்று கேட்டா. அது மருத்துவப்படியும் சரியான கேள்வி.

தம்பி தங்கச்சிமாரே, இந்த இடத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர இருக்கவில்லை. கழட்டினால் நான் குற்றவாளி இல்லை. கழட்டாவிட்டால் அவ நான் போன பிறகு கடற்கரையால் போகக்கூடும். பலவந்தமாகக் கழட்டுவதும் என்னால் முடியாது. மிச்சமிருந்தது ஒரு வழிதான். ஆளுக்கு முன்னால் சொல் போகவேண்டும், அந்தச் சொல் போனில் போகாமல் மனிதன் வாயால் போகவேண்டும். அக்காவை மீன்காரப் பெண்ணோடு இருக்கச் சொல்லிவிட்டு, நானும் ஹனிபா காக்காவும் ஓட்டோவைத் தூரத்தில் விட்டு, வெறுங்கையை விரித்துக் காட்டியபடி சாவடிக்கு நடந்தோம். பெட்டி என் கழுத்தில் வெளியே தெரியத் தொங்கியது.

பொறுப்பாக இருந்தவர் நடுத்தர வயதுக்காரர். ஆஸ்பத்திரி, சீனி வருத்தம், பிள்ளைத்தாச்சி, இரண்டு பிள்ளை இழந்தவ என்று காக்கா சொன்னார். பிறகு நான் ஹாஜியாரின் பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்து, பின்மூடியைத் திறந்து, பற்றரியை எடுத்துக் காட்டினேன். வேறொன்றும் இல்லை. அக்காவின் பெட்டியில் பற்றரியை எடுத்தால் பதிந்ததெல்லாம் அழிந்துவிடும், அதனால்தான் இதைக் கொண்டுவந்தேன் என்றும் சொன்னேன்.

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதை நான் விட்டேன், பிறகு வேறு யாராவது இதேமாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தால் என் பையன்கள் என்ன செய்வது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். முடியாது என்றார். நாங்கள் நின்றோம். காக்கா வேறொன்றும் கெஞ்சவில்லை, வெயிலைப் பற்றிக் கதைத்தார், அம்பாறை நெல் விலையைப் பற்றிக் கதைத்தார். கொஞ்ச நேரம் போக அந்த அதிகாரி என் அடையாள அட்டையை மறுபடி கேட்டார். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பெண் திரும்பி வரும்போது இதே பெட்டியோடு, இதே சாவடியால், என்னிடம் வரவேண்டும், அதுவரை அட்டை இங்கே இருக்கும், நீ அக்கரைப்பற்றில் இருப்பாய் என்றார்.

அட்டை இல்லாமல் அந்தக் காலத்தில் ஒரு வாலிபன் ஒரு சாவடியையும் தாண்ட முடியாது. வீட்டுக்குப் போக எனக்குச் சாவடிகள் இருந்தன. ஓம் என்றேன். காக்கா போய் அக்காவைத் திருக்கோவில் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். பெண் காவலர் அக்காவைக் கொட்டிலுக்குள் கூட்டிப்போனா. வெளியே வரும்போது அந்தக் காவலர் அக்காவின் பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து பஸ்ஸில் வைத்ததைக் கண்டேன்.

நான் அக்கரைப்பற்றிலேயே, ஹனிபா காக்காவோடு கூடப்பிறந்த ராத்தாவின் வீட்டில் தங்கினேன். அடுத்த நாள் வாப்பா இரண்டு சாரனும் ஒரு சேட்டும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்துவிட்டார். அந்தக் காலத்தில் எங்கள் முஸ்லிம் ஊர்களுக்கும் அவர்களுடைய தமிழ் ஊர்களுக்கும் இடையில் கதை பேச்சு அவ்வளவு நன்றாக இருக்கவில்லை, உங்களுக்குத் தெரியும். ஏசப்போகிறார் என்று பார்த்தேன். அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“அந்தப் புள்ள திரும்பி வருமா?”

“வரும் வாப்பா.”

“எப்படித் தெரியும்?”

தெரியாது என்றுதான் சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, வருமட்டும் நானும் இருக்கன் என்றார்.

குறித்த நாள் காலை பஸ்ஸில் அக்கா வரவில்லை. அடுத்ததிலும் இல்லை. சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு கடை நிழலில் வாப்பாவும் நானும் இருந்தோம். அவர் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழும்பி நின்று பார்த்தார். பகல் சாய்கிற நேரத்தில் பஸ்ஸில் இல்லாமல் வீதியால் இரண்டு பேர் நடந்து வந்தார்கள். அக்காவும் புருஷனும். வழியில் பஸ்ஸை நிறுத்தி வைத்துவிட்டார்களாம், எப்போது விடுவார்கள் என்று தெரியாமல் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். அதிகாரி அக்காவைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். பெட்டி என்ன சொன்னது என்று கேட்டார். இன்னும் தெரியாது, கொம்பியூட்டரில் போட்டால்தான் தெரியும் என்றேன். அவருக்கு அது ஏமாற்றமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

அன்றே கொம்பியூட்டரில் கோடு விழுந்தது. பகலில் கூடித்தான் இருந்தது, நாங்கள் கிளினிக்கில் கண்டதைப் போல. நடுச்சாமத்துக்குப் பிறகு அது மலையிலிருந்து கல் உருண்ட மாதிரி இறங்கி, அடியில் கிடந்து, விடியும் நேரம் மறுபடி ஏறியது. மூன்று இரவும் அப்படியே. நாங்கள் ஏறிய சீனியை மட்டும் பார்த்து இரவு ஊசியைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்திருக்கிறோம். காலையில் சட்டை நனைந்திருப்பதையும் தலையிடியையும் அக்கா வெக்கை என்று நினைத்திருக்கிறா. டொக்டர் மிஸ் இரவு ஊசியைக் குறைத்தார், படுக்கும் முன் ஏதாவது சாப்பிடச் சொன்னார். முந்தின இரண்டும் இதனால்தானா என்று புருஷன் கேட்டபோது, தெரியாததைத் தெரியும் எண்டு நான் சொல்லமாட்டன் என்றார்.

மூன்றாவது பிள்ளை பிறந்தது, பெண், உயிரோடு, அழுதுகொண்டு. இப்போது கிளினிக்குக்கு வந்தால் மேசையில் உள்ளதெல்லாம் இழுப்பாள், கவனமாக இருங்கள்.

இனி வரப்போகிற சென்சரில் வயர் இருக்காது என்கிறார்கள், சாவடிகளும் போய்க்கொண்டிருக்கின்றன. ஆனாலும் நீங்கள் ஒட்டப்போகிற ஒவ்வொரு உடம்பும் உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு வழியால்தான் வீட்டுக்குப் போகும். கடலில் சுழியோடுகிறவர் இருப்பார். ஒட்டியிருப்பதைக் கண்டால் பேசிவைத்த கலியாணம் நின்றுவிடும் என்று பயப்படுகிற பிள்ளை இருப்பாள். சொன்னால் கழட்டிவிடுவீர்கள் என்று தெரிந்தால் ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

அதனால் கேட்பதற்கு முன்னால் இதைச் சொல்லுங்கள்: நீங்கள் என்ன சொன்னாலும் இதை உங்களிடமிருந்து எடுக்கமாட்டேன், சேர்ந்து ஒரு வழி பார்ப்போம். பிறகு கேளுங்கள், இதோடு எங்கே போகப்போகிறீர்கள், யார் காண்பார்கள் என்று. வரிசையை மாற்றாதீர்கள். அப்படிக் கேட்டாலும் முதலில் வருகிற பதில் ‘ஒரு பிரச்சினையும் இல்ல’ என்றுதான் இருக்கும்.

அடுத்த பதில் வருமட்டும் கதிரையை விட்டு எழும்பாதீர்கள்.